வீட்டில் பீர் தயாரிப்பு: புதியவர்களின் தவறுகளும் அடிக்கடி வரும் கேள்விகளும்

புதிதாக பீர் தயாரிப்பவர்களிடமிருந்து வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கலனின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்த மறுநிமிடம் வருபவை அவை. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. நுரையைப் பார்த்து நடுங்குகிறவர்கள் பாட்டிலுக்குள் ஏறும் அழுத்தத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை.

அளவுகள் எல்லாம் 20 லிட்டர் பீருக்கு, ஏல் வகை (அறை வெப்பத்தை ஒட்டி நொதிக்கும்) ஈஸ்ட்டுக்கு. வெப்பநிலை செல்சியஸில். ஈஸ்ட் சேர்ப்பதற்கு முன் இருக்கும் இனிப்பான மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) சாறுதான் வொர்ட். நொதித்தலுக்கு முந்தைய அடர்த்தியை ஓஜி என்றும், முடிந்தபின் இருப்பதை எஃப்ஜி என்றும் சொல்கிறோம். வீட்டில் தயாரிக்கலாமா, எவ்வளவு தயாரிக்கலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும். பானையை அடுப்பில் ஏற்றுவதற்கு முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

1. சோப்பு போட்டு நல்லா கழுவிட்டேன். அதுக்கு மேல சானிடைசர் எதுக்கு?

இரண்டும் வெவ்வேறு வேலை. கழுவுவது கண்ணுக்குத் தெரியும் அழுக்கை எடுக்க. சானிடைசர் கண்ணுக்குத் தெரியாததைக் கொல்ல. காய்ந்த ஈஸ்ட் படிவத்துக்கு அடியில் சானிடைசர் போகாது, அதனால் வரிசை மாறக்கூடாது. கழுவுவதற்கு சோடியம் பெர்கார்பனேட் நல்லது: லிட்டருக்கு 5 கிராம், 50 முதல் 60 டிகிரி வெந்நீரில் கரைத்து அரை மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். வாசனை சேர்த்த பாத்திர சோப்பு வேண்டாம். அதன் படலம் எங்காவது தங்கிவிட்டால் கோப்பையில் நுரை நிற்காது.

சானிடைசருக்கு, அலசத் தேவையில்லாத அமில வகை வசதியானது. ஸ்டார் சான் என்றால் 20 லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 30 மில்லி, ஓரிரு நிமிடம் நனைந்திருந்தால் போதும். மிஞ்சும் நுரையைக் கண்டு மறுபடி குழாய் நீரில் அலசுகிறவர்கள், கொன்ற கிருமியைத் திரும்பக் கூட்டி வருகிறார்கள். ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் கொஞ்சம் கரைசல் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கொதிக்கும் பானைக்கும் அதில் விடும் கரண்டிக்கும் சானிடைசர் வேண்டாம், கொதிப்பே போதும். அடுப்பை அணைத்தபின் வொர்ட்டைத் தொடும் ஒவ்வொன்றுக்கும் வேண்டும். எல்லாரும் மறப்பது கலனின் அடியில் இருக்கும் குழாய்த் திருகு. அதைக் கழற்றிப் பிரித்துக் கழுவாவிட்டால் மற்றதெல்லாம் பளபளத்தும் பயனில்லை. பிளாஸ்டிக் கலனைக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள், கீறலுக்குள் ஒளியும் கிருமியை எந்தக் கரைசலாலும் பிடிக்க முடியாது.

2. ப்ளீச் போதாதா? கூட கொஞ்சம் வினிகர் சேர்த்தா இன்னும் நல்லா வேலை செய்யும்னு சொல்றாங்களே?

செய்யாதீர்கள். ப்ளீச்சும் அமிலமும் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கு ஆபத்து. ப்ளீச்சைத் தனியாகப் பயன்படுத்தினாலும் பிரச்சினை உண்டு. எவர்சில்வரை அரிக்கும். கொஞ்சம் தங்கினாலும் மால்ட்டில் உள்ள ஃபீனால்களோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகும். மருந்துக்கட்டுத் துணியை மோந்த மாதிரி இருக்கும். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நாக்குக்குத் தெரிந்துவிடும், எத்தனை மாதம் வைத்தாலும் போகாது.

அதே மணம் குழாய் நீரிலிருந்தும் வரலாம். குளோரின் கொதித்தாலோ இரவு முழுக்கத் திறந்து வைத்தாலோ போய்விடும். குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த நீர் என்றால் அப்படிப் போகாது. 20 லிட்டருக்குக் கால் முதல் அரை கேம்ப்டன் (சல்ஃபைட்) மாத்திரையைப் பொடித்துக் கலக்கினால் சில நிமிடங்களில் வேலை முடியும்.

3. கொதிக்க வைக்கும்போது பொங்கி அடுப்பெல்லாம் ஒட்டிக்கிச்சு. அடியும் பிடிச்சுடுச்சு. எங்க தப்பு?

பானையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பியிருப்பீர்கள். வொர்ட் முதல் கொதி வரும்போது மால்ட்டின் புரதம் நுரையாகத் திரண்டு எழும். அந்த ஐந்து நிமிடம் பானையை விட்டு நகரக்கூடாது. எழும்பியதும் தீயைக் குறைத்துக் கிளறுங்கள். நுரை உடைந்து உள்ளே அடங்கியபின் பொங்காது. இரண்டாவது ஆபத்து ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) போடும் கணம். ஒரே கொட்டாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

அடிபிடிப்பது மால்ட் எக்ஸ்ட்ராக்டை (வற்றவைத்த வொர்ட்டை) தீ எரியும்போதே ஊற்றுவதால். பாகு நேராக அடிக்குப் போய் கருகும். அடுப்பை அணைத்து, ஊற்றி, அடியில் கரண்டி வழுக்கும் வரை கிளறி, அதன்பின் பற்றவையுங்கள். கருகிய சுவை பீரில் கடைசி வரை இருக்கும்.

4. மூடி வச்சு கொதிக்கவச்சா கேஸ் மிச்சமாகுமே?

கொதி வரும்வரை மூடலாம், வந்தபின் கூடாது. வெளிறிய மால்ட்டில், முக்கியமாக பில்ஸ்னர் மால்ட்டில், சூட்டில் டைமெத்தில் சல்ஃபைடாக மாறும் ஒரு பொருள் இருக்கிறது. வேகவைத்த சோளத்தின் மணம் அதனால்தான். திறந்து கொதித்தால் ஆவியோடு வெளியேறும். மூடினால் மூடியில் படிந்து திரும்பவும் சொட்டும். பில்ஸ்னர் மால்ட் அதிகம் என்றால் 90 நிமிடம் கொதிக்க விடுகிறவர்கள் உண்டு. எக்ஸ்ட்ராக்ட் வைத்துத் தயாரிப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, ஏனெனில் அது தொழிற்சாலையிலேயே சூடேறி வற்றியது.

5. ஆறவைக்க மணிக்கணக்காகுது. சூடா இருக்கும்போதே ஈஸ்ட் போட்டா என்ன?

40 டிகிரிக்கு மேல் பெரும்பாலான ஈஸ்ட் சாகத் தொடங்கும். 30-இல் போட்டால் சாகாது, ஆனால் அடுத்த கேள்வியில் வரும் தொல்லை அத்தனையும் வரும். 18 முதல் 20 டிகிரிக்கு இறங்கும் வரை பொறுங்கள். பானையை ஐஸ் நீர்த் தொட்டியில் வைத்து, வெளிநீரையும் உள்ளே வொர்ட்டையும் அவ்வப்போது கலக்கினால் 10 லிட்டர் அரை மணியில் ஆறும். 20 லிட்டர் என்றால் செப்புச் சுருள் சில்லர் (உள்ளே குளிர்நீர் ஓடும் குழாய்) வாங்கிக்கொள்வதே நல்லது. கொதிக்கும் வொர்ட்டைக் கண்ணாடிக் கலனில் ஊற்றவே ஊற்றாதீர்கள், விரிசல் விட்டு உடையும்.

அன்றைக்கு ஆறவில்லை என்றால், சூடு தாங்கும் சானிடைஸ் செய்த கலனில் மூடி வைத்து மறுநாள் ஈஸ்ட் சேர்க்கலாம். ஆனால் நாள் கணக்கில் வைக்கக்கூடாது. வொர்ட்டின் பிஎச் 5.2 அருகில் இருக்கும், ஆல்கஹால் கிடையாது. காற்றுப் புகாத கலனில் பாட்டுலிசம் என்னும் கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர ஏற்ற இடம் அது. பீர் ஆனபின் அந்தப் பயம் இல்லை. ஏன் என்பது 16-இல்.

ஈஸ்ட் சேர்க்கும் அந்த ஒரு நேரத்தில் மட்டும் காற்று நல்லது. ஆறிய வொர்ட்டை இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் குலுக்கியோ கலக்கியோ ஆக்சிஜன் ஏற்றுங்கள். உலர் ஈஸ்ட் என்றால் 11.5 கிராம் பாக்கெட் ஒன்று, ஓஜி 1.060 வரை போதும். மேலே அப்படியே தூவலாம்.

6. பாக்கெட்ல 18ல இருந்து 22 டிகிரின்னு இருக்கு. என் ரூம் 24 தான், ரெண்டு டிகிரி பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். பாக்கெட்டில் இருப்பது பீரின் வெப்பநிலை, அறையின் வெப்பநிலை அல்ல. நொதித்தல் சூட்டை உண்டாக்கும். வேகம் உச்சத்தில் இருக்கும்போது கலனின் உள்ளே அறையைவிட 3 முதல் 5 டிகிரி கூடுதலாக இருக்கும். உங்கள் 24, ஈஸ்ட்டுக்கு 28. அந்தச் சூட்டில் எஸ்டர்கள் (பழ மணம் தரும் சேர்மங்கள்) மிதமிஞ்சி வாழைப்பழ மணம் தூக்கும். அதற்கும் மேலே போனால் ஃபியூசல் ஆல்கஹால்கள் உருவாகித் தொண்டையில் எரியும். சுத்தத்தில் காட்டும் அக்கறையில் பாதியை இங்கே காட்டினால் முதல் பீரே நன்றாக வரும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

சுவை பெரும்பாலும் முதல் மூன்று நாளில் தீர்மானமாகிவிடுகிறது. அந்த மூன்று நாளைக் காப்பாற்றினால் போதும். பெரிய தொட்டியில் நீர் நிரப்பி அதில் கலனை நிறுத்துங்கள், நீர் கலனின் பாதி உயரத்துக்காவது இருக்கட்டும். இரண்டு லிட்டர் பாட்டில்களில் நீரை உறையவைத்துக் காலையிலும் மாலையிலும் மாற்றி மாற்றிப் போடுங்கள். கலனைச் சுற்றி ஈரத் துணி, எதிரே ஒரு மின்விசிறி, இன்னும் சில டிகிரி இறங்கும். ஒட்டும் வெப்பமானிப் பட்டையைக் கலனின் பக்கவாட்டில் நீர்மட்டத்துக்கு மேல் ஒட்டி அதைப் பாருங்கள், சுவரில் இருப்பதை அல்ல. நான்காம் நாளிலிருந்து 20, 21-க்கு ஏற விடலாம், ஈஸ்ட் மிச்ச வேலையைச் சுத்தமாக முடிக்க அது உதவும்.

குளிரவைக்க வழியே இல்லை என்றால் சூட்டோடு மல்லுக்கட்டாமல் ஈஸ்ட்டை மாற்றுங்கள். நார்வேயின் பண்ணை வீடுகளில் வழிவழியாக வந்த க்வைக் வகைகள் 30 முதல் 40 டிகிரியில் சுத்தமாக நொதிக்கும், பல நேரம் நான்கைந்து நாளில் முடித்துவிடும்.

7. ரெண்டு நாளாச்சு, ஏர்லாக்ல ஒரு குமிழிகூட வரல. ஈஸ்ட் செத்துப்போச்சா?

பெரும்பாலும் மூடிதான் சரியாகப் பொருந்தவில்லை. பிளாஸ்டிக் வாளியின் மூடியில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வாயு அந்த வழியே போய்விடும், ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் நீரடைப்பு) அசையாது. குமிழி வருவதை நொதித்தலின் அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். வெயில் ஏறினாலும் குமிழி வரும், நொதித்தல் முடிந்த பின்னும் கரைந்த வாயு வெளியேறிக் குமிழி வரும்.

பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே நுரையோ, நுரை ஏறி இறங்கிய பழுப்பு வளையமோ தெரிந்தால் வேலை நடக்கிறது. எதுவும் இல்லை என்றால் ஹைட்ரோமீட்டரில் (அடர்த்தி அளக்கும் மிதவைக் கருவி) அளவெடுங்கள். ஈஸ்ட் எழ 6 முதல் 24 மணி நேரம் ஆவது சாதாரணம், 72 மணி வரை பொறுக்கலாம். மூன்று நாள் கழிந்தும் அடர்த்தி ஓஜியிலிருந்து அசையவில்லை என்றால் புதிய பாக்கெட் ஒன்றைத் தூவுங்கள்.

8. ஹைட்ரோமீட்டர் ரீடிங் ரெசிபியோட ஒத்துவரல. ஓஜி 1.050 வரணும், 1.038 காட்டுது.

எக்ஸ்ட்ராக்ட் பீரா? கொஞ்சமாகக் கொதிக்கவைத்துக் கலனில் தண்ணீர் ஊற்றி 20 லிட்டராக்கினீர்களா? அப்படியானால் அளவு தவறு, பீர் சரி. கனமான வொர்ட் அடியில் இருக்கிறது, நீங்கள் மேலிருந்து எடுத்தது தண்ணீர் கலந்த பகுதி. 2.7 கிலோ உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 20 லிட்டரில் கரைந்தால் 1.050-ஐ ஒட்டித்தான் வரும், வேறு வழியில்லை. இதை நம்பி மேலும் எக்ஸ்ட்ராக்ட் கொட்டியவர்கள் நிறைய. கொட்டாதீர்கள்.

இரண்டாவது காரணம் சூடு. பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரிக்கும், சில 15.5-க்கும் அளவிடப்பட்டவை, காகிதத்தில் எழுதியிருக்கும். 20-க்கு உரியதை 30 டிகிரி வொர்ட்டில் விட்டால் 0.003 அளவுக்கும், 40-இல் விட்டால் 0.006 அளவுக்கும் குறைத்துக் காட்டும். அந்த அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள், அல்லது மாதிரியை ஆறவிடுங்கள். ஹைட்ரோமீட்டரை ஒரு சுழற்று சுழற்றி ஒட்டிய குமிழிகளை உதறி, திரவத்தின் வளைந்த விளிம்பை விட்டுவிட்டு நடுமட்டத்தில் படியுங்கள். அளந்த மாதிரியைக் கலனில் திரும்ப ஊற்ற வேண்டாம், குடித்துப் பாருங்கள்.

ஆல்கஹால் சதவீதம்: ஓஜியிலிருந்து எஃப்ஜியைக் கழித்து 131.25-ஆல் பெருக்குங்கள். 1.050-இலிருந்து 1.010 என்றால் 5.25 சதவீதம்.

9. நுரை ஏர்லாக் வழியா வெளியே வந்துடுச்சு. கெட்டுப்போச்சா?

இல்லை. வெளியே தள்ளும் அழுத்தம் இருக்கும்போது உள்ளே எதுவும் நுழையாது. ஆனால் ஹாப்ஸ் துணுக்கு ஏர்லாக்கை அடைத்தால் மூடி கூரைக்குப் பறக்கும். ஏர்லாக்கைக் கழற்றிவிட்டு, தடித்த குழாய் ஒன்றைப் பொருத்தி மறுமுனையைச் சானிடைசர் உள்ள குடுவையில் மூழ்கவிடுங்கள். வேகம் தணிந்ததும் பழையபடி மாற்றலாம். அடுத்த முறை கலனில் ஐந்தில் ஒரு பங்கு காலியிடம் விடுங்கள்.

10. மேல பழுப்பா, பச்சையா, அசிங்கமா ஏதோ மிதக்குது. போட்டோ பாத்து சொல்லுங்க, இன்ஃபெக்‌ஷனா?

வரும் படங்களில் பெரும்பாலானவை ஆரோக்கியமான நொதித்தல். பழுப்புக் கட்டி என்பது ஈஸ்ட்டும் ஹாப்ஸ் பிசினும். பச்சை என்பது ஹாப்ஸ் துகள். வெள்ளைத் திட்டு என்பது மிதக்கும் ஈஸ்ட். அழுகிய முட்டை மணமும் சில ஈஸ்ட்களுக்கு, குறிப்பாகக் குளிரில் நொதிக்கும் லாகர் வகைகளுக்கு, இயல்பு, தானே போகும்.

உண்மையான தொற்றுக்கு அடையாளம் வேறு. நொதித்தல் முடிந்தபின் மேற்பரப்பில் வறண்ட, சுருங்கிய, வலைபோன்ற மெல்லிய ஏடு, அதில் உடையாத பெரிய குமிழிகள். லாக்டோபேசில்லஸ், பிரெட்டனோமைசீஸ் போன்றவை காற்றுப்பட்டால் இப்படி ஏடு கட்டும். பீர் புளிக்கும், ஆனால் நஞ்சாகாது. ரோமம் போல் எழும்பி நிற்கும் பச்சை, கறுப்புப் பூசணம் வேறு. அது இருந்தால் கொட்டிவிடுங்கள். சந்தேகம் என்றால் மூடியைத் தினமும் திறந்து பார்ப்பதுதான் மிக மோசமான வைத்தியம்.

11. கிட் டப்பால "ஏழு நாள்ல பாட்டில் பண்ணலாம்"னு போட்டிருக்கு. பண்ணலாமா?

கிட் என்பது ஹாப்ஸ் ஏற்கெனவே சேர்த்த மால்ட் எக்ஸ்ட்ராக்ட் டப்பா. காலண்டரைப் பார்த்துப் பாட்டிலில் அடைக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு அளவெடுத்து, இரண்டும் ஒன்றாக இருந்து, எஃப்ஜி எதிர்பார்த்த இடத்தில் இருந்தால்தான் முடிந்தது. சாதாரண ஏலுக்குப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். மூன்று நான்கு வாரம் ஈஸ்ட் மேலேயே இருந்தாலும் கெடாது. இரண்டாவது கலனுக்கு மாற்றச் சொல்லும் பழைய அறிவுரையை மறந்துவிடுங்கள், காற்றுப்படுவதுதான் மிச்சம்.

அதே டப்பா ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை சேர்க்கச் சொல்லும். ஆல்கஹால் ஏறும், உடல் (வாயில் உணரும் கனம்) இருக்காது. சர்க்கரைக்குப் பதில் அதே எடைக்கு உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் போடுங்கள். கிட்டின் சுவையைத் தூக்கிவிட இதைவிட எளிய மாற்றம் கிடையாது.

12. 1.020லயே நிக்குது, ரெண்டு வாரமா இறங்கவே இல்ல.

முதலில் எதில் அளந்தீர்கள்? ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) என்றால் அந்த எண்ணை நம்பாதீர்கள். ஆல்கஹால் ஒளியை வேறுவிதமாக வளைப்பதால் நொதித்தபின் அது கூட்டிக் காட்டும். 12.4 பிரிக்ஸில் (அந்தக் கருவியின் அலகு; அடர்த்தி 1.050) தொடங்கி 1.010-இல் முடிந்த பீரே அதில் ஏறக்குறைய 6 பிரிக்ஸ் காட்டும். திருத்தக் கணக்கு போடுங்கள் அல்லது ஹைட்ரோமீட்டரில் பாருங்கள்.

ஹைட்ரோமீட்டரும் அதையே சொன்னால், எக்ஸ்ட்ராக்டுக்குப் பதில் தானியத்தை வெந்நீரில் ஊறவைத்துச் சாறு எடுத்தவர்கள் அந்த ஊறலின் (மாஷ்) வெப்பநிலையைச் சந்தேகிக்க வேண்டும். 65-66 டிகிரியில் ஊறினால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை அதிகம் வரும். 70-ஐத் தாண்டினால் தின்ன முடியாதது அதிகம், அப்போது 1.020 என்பதே முடிவு. உங்கள் வெப்பமானி இரண்டு மூன்று டிகிரி பொய் சொல்லலாம், ஐஸ் உருகும் நீரில் 0 காட்டுகிறதா பாருங்கள். மற்றபடி கலனை 21, 22 டிகிரிக்குக் கொண்டுபோய், அடியில் படிந்த ஈஸ்ட் எழும்படி மெதுவாகச் சுழற்றுங்கள். தெறிக்கக் கூடாது. ஒரு வாரத்தில் அசையாவிட்டால், நொதிக்கத் தொடங்கிய நிலையில் உள்ள புதிய ஈஸ்ட்டைச் சேர்க்கலாம்.

13. பாட்டில்ல எவ்வளவு சர்க்கரை போடணும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

பீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடை வால்யூமில் சொல்வார்கள்: ஒரு லிட்டர் பீரில் எத்தனை லிட்டர் வாயு என்பது. 20 டிகிரியில் நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே 0.86 வால்யூம் இருக்கும். லிட்டருக்கு 4 கிராம் வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய 1 வால்யூம் கூட்டும். வழக்கமான 2.4 வேண்டுமென்றால் லிட்டருக்கு 6 கிராம், 20 லிட்டருக்கு 120 கிராம். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் பொடி) என்றால் 130. ஆங்கிலேய பாணி மென்மை வேண்டுமென்றால் 90 போதும். ஆளாளுக்கு மாறுவது சர்க்கரை வகையும் விரும்பும் வாயு அளவும் மாறுவதால்தான். தேக்கரண்டியில் அளக்காதீர்கள், எடை போடுங்கள். கலனில் உண்மையில் இருக்கும் பீரின் அளவுக்குக் கணக்கிடுங்கள்; அடிமண்டியைக் கழித்தால் 20 என்பது 18 ஆகியிருக்கலாம்.

சர்க்கரையை 300 மில்லி நீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் காலிக் கலனில் முதலில் ஊற்றி, அதன்மேல் பீரை சைஃபன் குழாயால் சுழல விடுங்கள். குழாயின் முனை அடியில் இருக்கட்டும், சலசலத்து விழக்கூடாது. சுத்தம் செய்த கரண்டியால் மெதுவாக ஒருமுறை கலக்குங்கள். சரியாகக் கலக்காததால்தான் ஒரு பாட்டில் சப்பையாகவும் அடுத்தது பொங்கியும் வருகிறது. பாட்டிலில் 3 சென்டிமீட்டர் காலியிடம் விடுங்கள்.

14. நிஜமாவே பாட்டில் வெடிக்குமா, இல்ல சும்மா பயமுறுத்துறாங்களா?

வெடிக்கும். கண்ணாடிச் சில்லு கதவுப் பலகையில் குத்தி நிற்கும் வேகத்தில் வெடிக்கும். கணக்கைப் பாருங்கள். அடர்த்தி 0.001 இறங்கும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை வால்யூம் வாயு உண்டாகிறது. 1.012-இல் முடிய வேண்டிய பீரை 1.020-இல் அடைத்தால் 4 வால்யூம். அதோடு முன்பே இருந்தது, நீங்கள் சேர்த்த சர்க்கரை எல்லாம் சேர்ந்து 6-ஐத் தாண்டும். ஷாம்பெய்னில் இருப்பது அந்த அளவு. அந்தப் பாட்டிலின் கனத்தைக் கையில் தூக்கினாலே தெரியும். சாதாரண பீர் பாட்டிலில் 3-க்கு மேல் போகாதீர்கள். 11-ஆம் பதிலில் சொன்ன இரண்டு அளவெடுப்பு இதற்காகத்தான்.

திருகுமூடி போட்ட மெல்லிய பாட்டில்கள், வாயில் உடைசல் உள்ளவை, சதுரப் பாட்டில்கள் வேண்டாம். க்ரௌன் மூடி போடும் தடித்த பழுப்புப் பாட்டில்களை மூடியுள்ள பெட்டியில் அடுக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பாட்டில் மட்டும் பிளாஸ்டிக் சோடா பாட்டிலாக இருக்கட்டும். அதை அழுத்திப் பார்த்தே மற்றவற்றின் நிலை தெரியும். கல் போல் இறுகியதும் எல்லாவற்றையும் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள்.

15. மூணு வாரமாகியும் கேஸே ஏறல. இல்லைன்னா, திறந்தா முழுசா பொங்கி வழியுது. ஏன் இப்படி ரெண்டு கோடி?

ஏறவில்லை என்றால் பெரும்பாலும் குளிர்தான் காரணம். அடைத்த கையோடு குளிர்பெட்டியில் வைத்தால் ஈஸ்ட் தூங்கிவிடும். 20 முதல் 24 டிகிரியில் இரண்டு மூன்று வாரம், ஆல்கஹால் கூடிய பீருக்கு இன்னும் அதிகம். மூடியை அழுத்தும் கருவி சரியாகக் கவ்வுகிறதா என்பதையும் பாருங்கள்; மூடியைக் கையால் சுழற்ற முடிந்தால் கவ்வவில்லை.

பொங்குவதற்குக் காரணம் பல. எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி என்றால் சர்க்கரை கூடிவிட்டது அல்லது அவசரப்பட்டு அடைத்தீர்கள். ஒன்றிரண்டு மட்டும் என்றால் அந்தப் பாட்டில்களில் அழுக்கு. முதல் மாதம் சரியாக இருந்து மாதங்கள் போகப்போகப் பொங்கினால், வேறு எந்த ஈஸ்ட்டும் விட்டுவைத்த சர்க்கரையைத் தின்னும் காட்டு ஈஸ்ட் புகுந்திருக்கிறது. சுவை வறண்டு, அடர்த்தி 1.005-க்குக் கீழே போயிருக்கும். குழாய்த் திருகைக் கழற்றிப் பாருங்கள், பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சைசன் (பெல்ஜியப் பண்ணை பீர்) ஈஸ்ட் சில இயல்பாகவே அவ்வளவு கீழே இறக்கும், அவற்றைக் குறைசொல்ல வேண்டாம்.

16. மெத்தனால் உண்டாகி கண்ணு போயிடும்னு வீட்ல பயப்படுறாங்க.

பீர் நொதிக்கும்போது ஆபத்தான அளவு மெத்தனால் உண்டாவதில்லை. அந்தப் பயம் காய்ச்சி வடிக்கும் சாராயத்தையும், அதில் கலக்கப்படும் தொழிற்சாலை ஆல்கஹாலையும் சேர்ந்தது. காய்ச்சி வடிப்பது வேறு வேலை, பல நாடுகளில் குற்றமும்கூட. இந்தப் பக்கத்தில் அதற்கு இடமில்லை.

நோய்க்கிருமிகளும் பீரில் வளராது. நொதித்த பீரின் பிஎச் 4.0 முதல் 4.6 வரை. ஆல்கஹால், ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள், ஆக்சிஜன் இன்மை எல்லாம் சேர்ந்து அவற்றைத் தடுக்கின்றன. வீட்டில் இருப்பவர்கள் பயப்பட வேண்டியவை கொதிக்கும் பானை, ஈரக் கையில் வழுக்கும் கண்ணாடிக் கலன், 14-இல் சொன்ன பாட்டில். இன்னொன்று: நாய் இருந்தால், பயன்படுத்திய ஹாப்ஸைக் குப்பையில் திறந்து போடாதீர்கள். அது நாயின் உடல் சூட்டை ஆபத்தாக ஏற்றிக் கொல்லக்கூடியது.

17. சுவை ஏதோ சரியில்ல, ஆனா என்னன்னு சொல்லத் தெரியல.

மூக்கை நம்புங்கள். பச்சை ஆப்பிள் மணம் என்றால் அசெட்டால்டிஹைடு, ஈஸ்ட் வேலையை முடிக்குமுன் பிரித்துவிட்டீர்கள்; இன்னும் சில வாரம் சூட்டில் வைத்தால் குறையலாம். வெண்ணெய் மணம் என்றால் டைஅசெட்டில். கடைசி இரண்டு மூன்று நாள் 21 டிகிரியில் விட்டால் ஈஸ்ட்டே அதைத் தின்றுவிடும். அடைப்பதற்கு முன் சோதிக்க, கொஞ்சம் பீரை மூடிய குடுவையில் 60 டிகிரி நீரில் இருபது நிமிடம் வைத்து ஆறியபின் மோந்து பாருங்கள். வெண்ணெய் வாசம் வந்தால் இன்னும் பொறுங்கள்.

ஈர அட்டைப்பெட்டி என்றால் ஆக்சிஜன், நொதித்தபின் தெறித்துவிட்டீர்கள். இதற்கு மருந்து கிடையாது. கடுமையான விலங்கு நாற்றம் என்றால் வெளிச்சம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளிபட்டு உடைந்து கந்தகம் கலந்த ஒரு சேர்மம் ஆகிறது. பச்சையும் நிறமற்ற கண்ணாடியும் இதைத் தடுக்காது, நேர் வெயிலில் சில நிமிடம் போதும். மருந்து மணத்துக்கு 2, வேகவைத்த சோளத்துக்கு 4, எரிச்சலுக்கும் வாழைப்பழத்துக்கும் 6. தேயிலையைக் கசக்கிய மாதிரி நாக்கை வறட்டினால், தானியத்தைக் கொதிக்க விட்டிருப்பீர்கள் அல்லது 77 டிகிரிக்கு மேற்பட்ட நீரால் அலசியிருப்பீர்கள்.

18. எஃப்ஜி ஒரு வாரமா 1.012ல நின்னுச்சு. ட்ரை ஹாப் பண்ணதும் மறுபடி இறங்குது. இது எப்படி?

ட்ரை ஹாப் என்பது ஹாப்ஸைக் கொதிக்கவைக்காமல் நொதித்த பீரில் நேராகப் போடுவது. ஹாப்ஸில் இயற்கையாகவே நொதிப்பொருள்கள் (என்சைம்கள்) உண்டு. அவை ஈஸ்ட்டால் தின்ன முடியாத நீண்ட சர்க்கரைகளை உடைத்துத் தின்னும்படி ஆக்குகின்றன. பீரில் ஈஸ்ட் இருப்பதால் நொதித்தல் மறுபடி தொடங்குகிறது. ஹாப் க்ரீப் என்பது இதுதான். லிட்டருக்கு 5, 6 கிராமுக்கு மேல் போடும் இன்றைய ஐபிஏக்களில் (ஹாப்ஸ் மிகுந்த ஏல் வகை) இது அடிக்கடி நடக்கும். 1.012 என்பது 1.009 ஆகலாம், 14-இல் உள்ள கணக்கின்படி அதுவே ஒன்றரை வால்யூம்.

ஆகவே 11-இல் சொன்ன இரண்டு அளவையும் ஹாப்ஸ் போட்டபின் மறுபடி எடுங்கள். டைஅசெட்டிலும் இந்தச் சமயத்தில் திரும்ப எழும், 17-இல் உள்ள சூட்டுச் சோதனையையும் செய்துவிடுங்கள். குளிர்பெட்டியில் போட்டு ஈஸ்ட்டை அடக்கிவிட்டோம் என்று நினைத்துப் பாட்டிலில் அடைத்துச் சூடான இடத்தில் வைப்பதுதான் இதில் நடக்கும் விபத்து.

19. அப்ப எதைத்தான் கொட்டணும்?

ரோமப் பூசணம், மருந்து மணம், நொதிக்காமல் நாள்கணக்கில் மூடிக்கிடந்த வொர்ட், கண்ணாடி உடைந்து விழுந்த கலன். இவற்றை யோசிக்காமல் கொட்டுங்கள். ஆப்பிள், வெண்ணெய், கந்தகம், மங்கல் இவற்றுக்கு மூன்று நான்கு வாரம் கொடுங்கள். புளித்துவிட்டது ஆனால் குடிக்க நன்றாக இருக்கிறது என்றால் குடியுங்கள். அடுத்த முறை குழாய்களையும் ரப்பர் வளையங்களையும் புதிதாக மாற்றுங்கள்.

அழுத்தம் ஏறிய பாட்டில்களைக் கொட்டுவதுதான் கவனமாகச் செய்ய வேண்டியது. ஒன்று வெடித்துவிட்டால் மற்றவற்றை வெறுங்கையால் தொடாதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, நீளக் கைச்சட்டை அணிந்து, பெட்டியோடு தடித்த துணியால் மூடி, அசைக்காமல் குளிரில் ஒரு நாள் வையுங்கள். குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும். அதன்பின் ஒவ்வொன்றாகத் துணியால் போர்த்தி, மூடியின் ஓரத்தை மெல்ல நெம்பி வாயுவை விடுங்கள். சீறல் நின்றதும் பீர் நன்றாக இருந்தால் புது மூடி போட்டுக் குளிர்பெட்டியிலேயே வைத்துச் சீக்கிரம் குடித்து முடிக்கலாம்.